ஆற்றிலே போட்ட பொன்

விருத்தாசலத்துக்குப் பழைய பெயர் திருமுதுகுன்றம். அந்த ஊருக்குப் புகழ் இரண்டு. ஒன்று, மணிமுத்தாற்றங்கரையில் இருக்கும் பழமலைநாதர் கோயில். மற்றொன்று, பீங்கான். இந்தக் கட்டுரையின் விஷயமோ கோயிலும் அல்ல, பீங்கானும் அல்ல. கம்ப்யூட்டருக்குள்ளே பூட்டு வேலை பார்க்கும் சில நிரல்கள் கால் நூற்றாண்டுக்கு மேலாக ஒன்றோடொன்று போட்டு வரும் சண்டையின் சரித்திரம். ஆனாலும், அந்தச் சண்டையைப் புரிந்துகொள்வதற்கு விருத்தாசலத்தைவிட வசதியான ஊர் கிடைப்பது அரிது. காரணத்தைச் சொல்லுகிறேன்.

சுந்தரமூர்த்தி நாயனார் கதை எல்லோருக்கும் தெரியும். திருவாரூரில் பரவையார் காத்திருக்கிறார். பங்குனி உத்திரச் செலவுக்குப் பணம் வேண்டும். திருமுதுகுன்றத்தில் இறைவன் 12,000 பொன் கொடுத்தார். வழியெல்லாம் காடு, கள்ளர் பயம். “இங்கே ஆற்றிலே போடு, அங்கே குளத்திலே எடுத்துக்கொள்” என்று உத்தரவாயிற்று. சுந்தரர் அப்படியே செய்தார். ஆனால் போடுவதற்கு முன் ஒரு காரியம் செய்தார், பாருங்கள்! அந்தப் பொன்னிலிருந்து மச்சம் வெட்டி வைத்துக்கொண்டார். மச்சம் என்றால் மாதிரிக்காக எடுத்த சிறு துண்டு. திருவாரூர்க் கமலாலயத்தில் பொன்னை எடுத்த பிறகு, அந்த மச்சத்தோடு வைத்து உரைத்துப் பார்த்தார்கள். மாற்றுக் குறைந்திருந்தது! மறுபடி பாடிய பிறகுதான் இரண்டும் ஒத்து வந்தன என்கிறது பெரிய புராணம். குளக்கரையில் மாற்றுரைத்த விநாயகர் இன்றைக்கும் கோயில் கொண்டிருக்கிறார்.

பக்தியின் கதையாக இதை ஆயிரம் பேர் சொல்லியிருக்கிறார்கள். சரக்கு அனுப்பும் முறையின் கதையாகவும் இதைப் பார்க்கலாம். பொருள் ஓர் ஊரில் இறங்குகிறது. கண்ணுக்குத் தெரியாத வழியில் போய் வேறோர் ஊரில் ஏறுகிறது. போட்ட பொருள்தான் வந்ததா என்று தெரிந்துகொள்ள ஒரு மச்சம் வேண்டும். இன்றைக்கு உலகத்திலுள்ள கம்ப்யூட்டர்களுக்கு நிரல்கள் வந்து சேருவது அச்சாக இதே முறையில்தான்.

இனிப் பீங்கானுக்கு வருவோம். விருத்தாசலத்தில் பீங்கான் தொழிற்பேட்டை இருக்கிறது. அந்தத் தொழிலைக் கற்றுத் தர அரசாங்க நிறுவனமும் இருக்கிறது. நெய்வேலிச் சுரங்கத்தில் நிலக்கரியை எடுக்குமுன் தோண்டும் மண்ணோடு வெள்ளைக் களிமண்ணும் கிடைக்கிறது. ஃப்யூஸ் கட்டையும் பொம்மையும் சூளையிலிருந்து வந்துகொண்டேயிருக்கின்றன. அந்தத் தொழில் தெரிந்த யாரைக் கேட்டாலும் ஒரு சங்கடத்தைச் சொல்வார்கள். உள்ளே இருக்கும் மண் உடம்பு நன்றாக இருக்கும். மேலே பூசும் கண்ணாடி மெருகும் முதல் தரமாக இருக்கும். இரண்டையும் சேர்த்துச் சுட்டு ஆற வைத்தால், மெருகு முழுவதும் தலைமயிர் போல வெடித்துவிடும். ஆறும்போது மண் ஓர் அளவு சுருங்குகிறது, மெருகு வேறோர் அளவு சுருங்குகிறது; அவ்வளவுதான் காரணம். மண்ணிலும் குற்றமில்லை, மெருகிலும் குற்றமில்லை. குற்றம் இரண்டும் சேர்ந்த இடத்தில் இருக்கிறது. சில சமயம் சூளையிலிருந்து எடுக்கும்போது பளபளவென்று இருந்துவிட்டு, பல நாள் கழித்து வெடிப்பதும் உண்டு.

இந்த இரண்டையும் மனத்தில் வைத்துக்கொண்டால் போதும். இனிமேல் சொல்லப் போவது தானே விளங்கிவிடும்.

ஒரு நிரலை எழுதுகிறவர் எல்லாவற்றையும் தாமே எழுதுவதில்லை. கல்யாணச் சமையலுக்கு வந்த பரிசாரகர் மிளகாய்ச் செடி நட்டுக்கொண்டிருக்க மாட்டார் அல்லவா? பிறர் எழுதி வைத்த பகுதிகளை எடுத்துப் பயன்படுத்துகிறார். அப்படிப் பலருக்கும் பொதுவாக எழுதி வைத்த பகுதிக்கு ‘லைப்ரரி’ என்று பெயர். புத்தகம் எதுவும் அதில் இராது. ஒரு நிரலுக்குப் பத்து லைப்ரரி வேண்டும். அந்தப் பத்துக்கும் வேறு இருபது வேண்டும். இந்தச் சார்புகளையெல்லாம் கணக்கு வைத்துக்கொண்டு, எது எதற்கு வேண்டும், எந்தப் பதிப்பு வேண்டும் என்று பார்த்து, பொட்டலம் பொட்டலமாக வரவழைத்துச் சேர்க்கும் நிரலுக்குப் ‘பாக்கேஜ் மானேஜர்’ என்று பெயர். நம் பாஷையில் சொன்னால் பண்டகசாலைக் கணக்கப்பிள்ளை.

1993-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் மாணவராயிருந்த ஐயன் மர்டாக் என்பவர் டெபியன் என்ற பெயரில் ஒரு லினக்ஸ் தொகுப்பை ஆரம்பித்தார். அதில் டிபிகேஜி என்ற கணக்கப்பிள்ளை அமர்ந்தார். 1995-இல் ரெட் ஹாட் கூட்டத்தார் ஆர்.பி.எம். என்ற கணக்கப்பிள்ளையை வைத்துக்கொண்டார்கள். சார்புகளைத் தாமே தேடிப் பிடித்துக் கொண்டுவரும் ஏபிடி என்ற சமர்த்தர் 1999-இல் டெபியனுக்கு வந்தார். இது ஏதோ சீமைக் கதை என்று எண்ண வேண்டாம். ஸி-டாக் நிறுவனத்தின் சென்னை நிலையம் தயாரித்து 2007-இல் வெளிவந்த பாஸ் என்ற இந்திய இயங்குதளம் டெபியனின் வாரிசுதான்.

கணக்கப்பிள்ளைக்கு வரும் தலைவலி இதுதான். ‘அ’ என்ற நிரல், “எனக்குப் பழைய பதிப்புத்தான் வேண்டும்” என்கிறது. ‘ஆ’ என்ற நிரல், “புதியது இல்லாவிட்டால் அடியெடுத்து வைக்க மாட்டேன்” என்கிறது. இரண்டும் ஒரே வீட்டில் குடியிருக்க வேண்டும். கம்ப்யூட்டர்க்காரர்கள் இந்த நிலைமைக்கு ‘சார்பு நரகம்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். 2006-இல் ஐரோப்பிய ஆராய்ச்சியாளர்கள் சிலர், இந்தச் சிக்கலைப் பொதுவாகத் தீர்ப்பது கணித சாஸ்திரத்தில் மிகக் கடினமென்று பெயர் பெற்ற கணக்குகளின் ஜாதியைச் சேர்ந்தது என்று நிரூபித்தார்கள். ஆகையால் கணக்கப்பிள்ளை சில சமயம் கையை விரித்தால் அவரைக் கோபித்துக்கொள்வதில் நியாயமில்லை.

எந்த லைப்ரரியிலும் இந்தச் சண்டை வரலாம். ஆனால் ரகசியப் பூட்டு வேலை செய்யும் லைப்ரரியில் வந்தால் அது வேறு விஷயம். எழுத்துருவோ படமோ தகராறு செய்தால் திரையில் எழுத்துக் கோணலாகத் தெரியும். பூட்டு தகராறு செய்தால் நம் பாங்குக் கணக்கும், நாம் எழுதிய கடிதமும் திறந்து கிடக்கும். கண்ணுக்கோ ஒன்றும் தெரியாது.

1995-இல் ஆஸ்திரேலியாவில் எரிக் யங், டிம் ஹட்ஸன் என்ற இருவர் எஸ்.எஸ்.எல்.ஈ. என்ற பூட்டு லைப்ரரியை எழுதி இனாமாகக் கொடுத்தார்கள். அது அமெரிக்காவில் எழுதப்படாததே பெரிய பாக்கியமாயிற்று. அந்தக் காலத்தில் அமெரிக்கச் சட்டப்படி ரகசிய எழுத்து முறை யுத்த தளவாடம்! பீரங்கியை ஏற்றுமதி செய்ய அனுமதி வேண்டுவது போல, பலமான பூட்டு நிரலை வெளிநாட்டுக்கு அனுப்பவும் அனுமதி வேண்டும். பில் ஸிம்மர்மன் என்பவர் 1991-இல் வெளியிட்ட பி.ஜி.பி. என்ற நிரல் வெளிநாடு போய்விட்டதென்று அவர்மேல் சர்க்கார் விசாரணை நடந்தது, 1996-இல்தான் கைவிட்டார்கள். நிரலாக அனுப்பினால் குற்றம். புத்தகமாக அச்சிட்டு அனுப்பினால் அது பேச்சுரிமை! 1997-இல் அந்த நிரலின் புதிய பதிப்பை 6,000 பக்கங்களுக்கு மேல் புத்தகங்களாக அச்சிட்டு ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே தொண்டர்கள் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து, மறுபடி நிரலாக்கினார்கள். நாவலில் எழுதினால் வாசகர்கள் நம்பமாட்டார்கள்.

இந்தச் சட்டம் கணக்கப்பிள்ளையின் பண்டகசாலையையே இரண்டாக வெட்டிற்று. டெபியன் குழுவினர் பூட்டு சம்பந்தமான பொட்டலங்களை அமெரிக்காவுக்கு வெளியே தனிக் கிடங்கில் வைத்தார்கள். 2000-இல் சட்டம் தளர்ந்து, 2002-இல் வந்த டெபியன் 3.0 பதிப்பில்தான் அவை பெரும்பாலும் பெரிய வீட்டுக்குள் வந்து சேர்ந்தன.

இதற்கிடையில், 1998 கடைசியில், ஆஸ்திரேலிய நண்பர்கள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். அவர்கள் விட்ட இடத்திலிருந்து சிலர் எடுத்து நடத்தினார்கள். அதுதான் ஓப்பன் எஸ்.எஸ்.எல். அதை விளம்பரத்தில் குறிப்பிடவேண்டுமென்ற நிபந்தனை அதன் உரிமைப் பத்திரத்தில் இருந்தது, ஜி.பி.எல். என்ற பிரசித்தமான உரிமைப் பத்திரத்துக்கு அந்த நிபந்தனை ஒவ்வாது. ஆகவே, நிரல்கள் ஒத்துப்போனாலும் பத்திரங்கள் ஒத்துப்போகவில்லை! 2021 செப்டம்பரில் 3.0 பதிப்பு புதிய உரிமைப் பத்திரத்துடன் வரும் வரையில் அந்த வழக்கு நீடித்தது.

இந்தச் சரித்திரத்தில் நெஞ்சை உலுக்கும் அத்தியாயம் 2006-இல் ஆரம்பமாகிறது. நல்ல பூட்டுக்கு ஆதாரம், யாராலும் ஊகிக்க முடியாத ஓர் எண். கம்ப்யூட்டரோ சொன்னதைச் சொன்னபடி செய்யும் பிராணி. அதற்குத் தற்செயல் என்பதே தெரியாது. ஆகையால் ஓப்பன் எஸ்.எஸ்.எல். அங்கும் இங்கும் அள்ளிய குப்பையையெல்லாம் ஒரு குழியில் போட்டுக் கலக்கி, அதிலிருந்து எண் எடுக்கும். நிரல்களில் பிழை தேடும் வால்கிரைண்ட் என்ற கருவி இதைப் பார்த்துவிட்டு, “எழுதாத ஏட்டைப் படிக்கிறாயே!” என்று ஓயாமல் புகார் செய்தது. டெபியனில் அந்தப் பொட்டலத்தைப் பராமரித்தவர் நல்ல எண்ணத்துடன்தான் விசாரித்தார், ஓப்பன் எஸ்.எஸ்.எல். பக்கத்தில் கேட்டும் பார்த்தார். ஆட்சேபணை பலமாக வரவில்லை. புகாருக்குக் காரணமான இரண்டு வரிகளை எடுத்துவிட்டார். புகார் நின்றது. எல்லோருக்கும் நிம்மதி.

அந்த இரண்டு வரிகளில் ஒன்று போனதால் பாதகமில்லை. மற்ற வரியோ, குழிக்குள் குப்பை போகும் வாசல்! வாசலை அடைத்த பிறகு குழியில் மிஞ்சியது, அந்தச் சமயம் ஓடிக்கொண்டிருந்த வேலைக்குக் கம்ப்யூட்டர் கொடுத்த வரிசை எண் மட்டும். அது 32,768-க்கு மேல் போகாது. கோடி கோடியாக இருக்கவேண்டிய சாவி வகைகள், ஒரு ரகத்துக்கு 32,768 சாவிகளாகச் சுருங்கிவிட்டன. ஒரு தாலுகாவிலுள்ள வீடுகளுக்கெல்லாம் ஒரே சாவிக் கொத்து என்று வைத்துக்கொள்ளுங்களேன்!

பூட்டுகள் பூட்டின, திறந்தன. ஒரு சத்தமும் இல்லை. ஏறக்குறைய இருபது மாதம் யாரும் கவனிக்கவில்லை. லூசியானோ பெல்லோ என்பவர் கண்டுபிடித்து, 2008 மே 13-ஆம் தேதி அறிவிப்பு வந்தது. டெபியனிலும் அதன் வழி வந்த உபுண்டுவிலும் அந்தக் காலத்தில் செய்த சாவிகளையெல்லாம் தூக்கியெறிந்துவிட்டுப் புதிதாகச் செய்யவேண்டியதாயிற்று.

இதில் வில்லன் யாரும் இல்லை என்பதுதான் கதையின் சோகம். அண்டைவீட்டுக்காரரின் தூக்கம் கெடாமலிருக்க, ஒரு நல்ல மனிதர் குலைக்கும் நாயை அவிழ்த்து விட்டுவிட்டார். அந்த நாய் எதற்காக அங்கே கட்டப்பட்டிருந்தது என்பதை அவரும் சரியாக அறியவில்லை; அறிந்தவர்களும் சரியாகச் சொல்லவில்லை.

அடுத்த அடி 2014 ஏப்ரல் 7-ஆம் தேதி விழுந்தது. ஓப்பன் எஸ்.எஸ்.எல். 1.0.1 பதிப்பில் இருந்த ஓட்டையால், வெளியிலிருந்து கேட்கிறவனுக்குக் கம்ப்யூட்டர் தன் ஞாபகத்திலிருந்து ஒரு தடவைக்கு 64 கிலோபைட் வரையில் வாரிக் கொடுத்தது. அதில் ரகசியச் சொல்லும் இருக்கலாம், சாவியும் இருக்கலாம். கூகிளில் இருந்த நீல் மேத்தாவும், ஃபின்லாந்துக் கம்பெனி ஒன்றின் எஞ்சினீயர்களும் தனித்தனியே இதைக் கண்டார்கள். ‘இதய ரத்தப் பெருக்கு’ என்ற பொருள்படும் ஹார்ட்பிளீட் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். விசாரித்தபோது தெரியவந்த சங்கதி இன்னும் விசித்திரம்: உலகத்து வியாபாரமெல்லாம் நம்பியிருந்த அந்தப் பூட்டுக் கடைக்கு நன்கொடையாக வந்தது ஆண்டுக்குச் சுமார் 2,000 டாலர். முழு நேரமும் அதையே கவனித்தவர் ஒரே ஒருவர்!

“இந்தக் கடையே வேண்டாம்” என்று சிலர் தனிக் கடை வைத்தார்கள். அதே மாதத்தில் லிப்ரே எஸ்.எஸ்.எல். பிறந்தது, ஜூனில் கூகிளின் போரிங் எஸ்.எஸ்.எல். பிறந்தது. பூட்டு நன்றாயிற்று, கணக்கப்பிள்ளையின் தலைவலி மூன்று மடங்காயிற்று. ஆல்பைன் என்ற லினக்ஸ் தொகுப்பு 2016-இல் லிப்ரேக்கு மாறிப் பார்த்துவிட்டு, 2019-இல் ஓப்பனுக்கே திரும்பியது. இரண்டுமே நல்ல சரக்குத்தான். மற்ற நிரல்களோடு சேர்த்துச் சுட்டபோதுதான் மெருகு வெடித்தது.

ஓப்பன் எஸ்.எஸ்.எல். வீட்டுக்குள்ளேயே பரம்பரைச் சண்டையும் வந்தது. பழைய பதிப்புகளில், வெளி நிரல்கள் பூட்டுக்குள் விரல் விட்டு உள்ளே இருப்பதைத் தொடலாம். 2016-இல் வந்த 1.1.0 பதிப்பில் மூடி போட்டுவிட்டார்கள். நியாயமான காரியம், ஆனால் விரல் விட்டுப் பழகிய நிரல்களெல்லாம் திருத்தி எழுதப்பட வேண்டியதாயிற்று. 2017-இல் வந்த டெபியன் 9 பதிப்பில் பழையது, புதியது இரண்டையும் வைத்துக்கொண்டு குடித்தனம் நடத்தினார்கள். பிறகு 2022 ஏப்ரலில் உபுண்டு 22.04 வந்தபோது 3.0 மட்டும் இருந்தது, 1.1 இல்லை. அதை நம்பியிருந்த நிரல்கள் வாசலிலேயே நின்றுவிட்டன.

அப்போது பலர் செய்தது என்ன தெரியுமா? பழைய உபுண்டுவின் கிடங்கிலிருந்து பழைய பொட்டலத்தைக் கையால் எடுத்துவந்து செருகினார்கள். நிரல் ஓடிற்று. ஆனால் கையால் செருகிய பொட்டலத்துக்குப் பின்னால் வரும் திருத்தங்களைக் கொண்டுவருவது கணக்கப்பிள்ளையின் பொறுப்பல்ல. அது வந்த கிடங்கே அவர் புத்தகத்தில் இல்லையே! 2023 செப்டம்பர் 11-ஆம் தேதியோடு 1.1.1 பதிப்புக்குப் பொதுவில் திருத்தம் தருவதை ஓப்பன் எஸ்.எஸ்.எல். குழுவும் நிறுத்திவிட்டது. துருப்பிடிக்கும் பூட்டு ஒன்று வாசலில் தொங்குகிறது. வீட்டுக்காரர் அதை மறந்தே போனார்.

பைத்தான் மொழிக்காரர்களின் பாடு தனி. அங்கே இயங்குதளத்தின் கணக்கப்பிள்ளை ஒருவர், பைத்தானுக்கென்று பிப் என்ற கணக்கப்பிள்ளை ஒருவர், ஆக இருவர். கிரிப்டோகிராஃபி என்ற லைப்ரரியைப் பிப் புதிதாக்கிவிடுவார். அதோடு ஜோடியாக ஓடவேண்டிய பைஓப்பன் எஸ்.எஸ்.எல். மற்றவர் வசம் பழையதாகவே இருக்கும். இரண்டும் முட்டிக்கொள்ளும். வேடிக்கை என்னவென்றால், பிப்பும் அவற்றைத் துணைக்கு அழைப்பதால், சில இடங்களில் சண்டையைத் தீர்க்கவேண்டிய பிப்பே எழுந்திருக்காமல் படுத்துவிடுவார். 2023-இல் வந்த டெபியன் 12 பதிப்பு, “இது என் எல்லை, உன் பொட்டலத்தை இங்கே வைக்காதே” என்று பிப்பைத் தடுத்தது. தடையை மீற விரும்புகிறவர்களுக்கு ஒரு வழியும் உண்டு. அந்தக் கட்டளைக்கு வைத்த பெயரைத் தமிழில் சொன்னால், ‘இயங்குதளத்தின் பொட்டலங்களை உடை’ என்று வரும். இதற்கு மேல் எப்படித்தான் எச்சரிக்கை செய்வது?

சரி, தகராறு வந்தால் என்ன செய்வது? அனுபவஸ்தர்களின் வைத்திய முறை கிராமத்துப் பஞ்சாயத்தைப் போன்றது. முதலில் பிழைச் செய்தியை முழுவதும் படிக்க வேண்டும். யார் யாரைக் கேட்கிறார்கள் என்பது பெரும்பாலும் அதிலேயே இருக்கும். பிறகு, பழையதுதான் வேண்டுமென்று பிடிவாதம் பிடிப்பது யார் என்று, கணக்கப்பிள்ளையின் புத்தகத்தைப் புரட்டி, கண்ணி கண்ணியாகப் பின்னால் போகவேண்டும். அந்த நிரலுக்குப் புதிய பதிப்பு வந்திருக்கும். அநேகமாக அதோடு வழக்குத் தீர்ந்துவிடும். வரவில்லையென்றால், அதற்கு மட்டும் தனி அறை கட்டிக் கொடுக்கலாம். பைத்தானில் தனிச் சூழல், மற்ற இடங்களில் கன்டெய்னர் என்பதெல்லாம் அதுதான். அந்த அறையின் ஜன்னல் தெருப்பக்கம் திறக்காமல் பார்த்துக்கொண்டால் போதும். அதுவும் முடியாதென்றால், கௌரவமாக அந்த நிரலுக்கு விடை கொடுத்துவிட வேண்டியதுதான்.

செய்யக் கூடாதவை மூன்று. புதிய லைப்ரரிக்குப் பழைய பெயர்ப் பலகை மாட்டி ஏமாற்றுவது ஒன்று. நிரல் ஏமாந்து உள்ளே போய் நடுவில் விழும். முகம் தெரியாத இடத்திலிருந்து பொட்டலம் வாங்குவது இரண்டு. எல்லாவற்றையும்விடக் கேடு மூன்றாவது: மாற்றுப் பார்ப்பதையே நிறுத்தச் சொல்வது. 2007-இல் வந்த 4.0 பதிப்பு முதல் டெபியனின் கணக்கப்பிள்ளை, பொட்டலப் பட்டியலில் கையெழுத்துச் சரியா என்று பார்க்கிறார். பட்டியலில் ஒவ்வொரு பொட்டலத்துக்கும் ஒரு மச்சம் இருக்கிறது. அது பொட்டலம் முழுவதிலிருந்தும் கணக்கிட்டு எடுத்த ஒரு சிறு எண் தொடர். பொட்டலத்தில் ஓர் எழுத்து மாறினாலும் மச்சம் ஒத்து வராது. ஒத்து வராத பொன்னை அவர் பெட்டியில் வைக்கமாட்டார். “பரவாயில்லை, வை” என்று சொல்லும் வசதியும் இருக்கத்தான் இருக்கிறது. அவசரத்தில் பலர் சொல்லியும் விடுகிறார்கள்.

அந்த அவசரம் நமக்குப் புதிதல்ல. ஒரு காரியம் நடக்க வேண்டும். குறுக்கே ஒரு செய்தி வந்து நிற்கிறது. செய்தியை விரட்டினால் காரியம் நடக்கிறது. செய்தி எதைக் காத்து நின்றதோ அது போனது இருபது மாதம் கழித்துத்தான் தெரிகிறது. ஓடாத நிரலால் ஒரு பிற்பகல் வீணாகும். ஓடக் கூடாத விதத்தில் ஓடும் நிரலால் எத்தனை பேருடைய ரகசியம் போகும் என்பதற்குக் கணக்கில்லை. இரண்டு நஷ்டங்களில் முதலாவதைத் தாங்கிக்கொள்வதுதான் கெட்டிக்காரத்தனம்.

சுந்தரருக்கு இறைவனிடத்தில் நம்பிக்கை குறைவென்று யாரும் சொல்லமாட்டார்கள். தோழனென்றே பெயர் வாங்கியவர். பொன்னைக் கொடுத்தவரும் அவரே, வழியைச் சொன்னவரும் அவரே. அப்படியிருந்தும், ஆற்றிலே போடுவதற்கு முன் ஒரு மச்சம் எடுத்து வைத்துக்கொண்டார். மாற்றுக் குறைந்தபோது, “போகட்டும்” என்று மூட்டை கட்டவும் இல்லை. பொன் சரியாகும் வரையில் குளக்கரையை விட்டு நகரவும் இல்லை.